"ஒரு பெண்ணால்தான் இப்படி வரைய முடியும்"

சில வாக்கியங்கள் சொல்லும் நேரத்தில் இனிக்கும். கூட்டம் கலைந்த பிறகுதான் நெருடத் தொடங்கும். இந்தக் கட்டுரைக்குத் தலைப்பாக வைத்திருக்கும் வாக்கியம் அந்த வகையைச் சேர்ந்தது. வரலாற்றுக் காலப் பெண் ஓவியர்களைப் பற்றி அறிந்துகொள்வதற்கென்று அக்கம்பக்கத்தார் சிலர் சேர்ந்து நடத்தும் எங்கள் சிறிய குழுவில், ஏறக்குறைய ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் திரையில் விரியும் படத்தைப் பார்த்து மனம் நெகிழ்ந்து, "ஒரு பெண்ணால்தான் இப்படி வரைய முடியும்" என்று சொல்லிவிடுவார். மற்றவர்கள் தலையசைப்பார்கள். அதன்பின் அந்தப் படத்தைப் பற்றிப் பேச எதுவும் மிச்சமிருக்காது. தீர்ப்பு வந்துவிட்ட வழக்கைப் போல அதை மூடி வைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவோம்.

எங்கள் குழுவில் கலை வரலாற்றை முறையாகப் படித்தவர் எவரும் இல்லை. ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவரை வயது வேறுபாடின்றி எல்லோரும் 'டீச்சர்' என்றுதான் அழைக்கிறோம். தையல் தொழில் செய்யும் அக்கா ஒருவர், கணக்கெழுதும் வேலையில் இருக்கும் இருவர், கல்லூரி மாணவர்கள் சிலர், நான். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒருவர் ஓர் ஓவியரைத் தேர்ந்துகொண்டு, கிடைத்ததை எல்லாம் படித்துவிட்டு வந்து, படங்களைப் புரொஜெக்டரில் காட்டிப் பேசுவார். பேசுகிறவர் யாராக இருந்தாலும் பேச்சின் அமைப்பு மட்டும் மாறுவதில்லை. முதலில் பிறப்பு, தந்தை, திருமணம், பிள்ளைகள், துயரம். அதில் பெரும்பொழுது போய்விடும். இறுதியில் அவசர அவசரமாகச் சில ஓவியங்கள். அவற்றைப் பார்த்து முடிப்பதற்குள் அந்த வாக்கியம் வந்துவிடும்.

ஆர்ட்டெமிசியா ஜென்டிலெஸ்கியைப் பற்றிப் பேசிய மாலையில் அது பலமுறை வந்தது. அன்று அதை யாரும் குறை சொல்லவும் முடியாது. 1593-ல் ரோமில் பிறந்து, ஓவியரான தந்தை ஒராட்சியோவின் பட்டறையில் தொழில் கற்றவர் அவர். தந்தையோடு சேர்ந்து பணிபுரிந்த அகஸ்தீனோ தாஸ்ஸி என்ற ஓவியர் 1611-ல் அவரை வன்புணர்வு செய்தார். 1612-ல் நடந்த வழக்கு மாதக்கணக்கில் நீண்டது. அவருடைய சாட்சியம் உண்மைதானா என்று சோதிப்பதற்காக, குற்றவாளியின் விரல்களை விட்டுவிட்டு அவருடைய விரல்களில் கயிறு சுற்றி இறுக்கினார்கள். இதைக் கேட்ட பிறகு யூதித் என்ற பெண் ஹோலோஃபெர்னஸ் என்ற படைத்தளபதியின் கழுத்தை அறுக்கும் அந்தப் புகழ்பெற்ற ஓவியத்தைத் திரையில் காட்டினால், பார்ப்பவர் வேறு எதை நினைக்க முடியும்?

## மடித்துவிட்ட கைகள்

ஆனாலும் அன்று தையல் அக்கா சொன்ன ஒரு விஷயம் மற்றவர்களின் பெருமூச்சுகளைவிட அதிக நாள் என்னுடன் இருந்தது. அவர் வழக்கமாக அதிகம் பேசமாட்டார். படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லிவிட்டு, எழுந்து திரைக்கு அருகில் போய் நின்றார். "கையை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டுக்கொண்டு வேலையில் இறங்கியிருக்கிறாள், பாருங்கள். இவ்வளவு கனமான பட்டுத் துணி சும்மா மேலே நிற்காது. ஏற்றிச் செருகியிருக்க வேண்டும். கோபத்தில் வந்தவளுக்கு அதற்கெல்லாம் பொறுமை இருக்காது" என்றார். இந்தக் காட்சியை ஆர்ட்டெமிசியா இருமுறை வரைந்திருக்கிறார். நேப்பிள்ஸில் இருக்கும் முதல் ஓவியத்தில் யூதித்துக்கு நீல உடை. ஃப்ளாரன்ஸின் உஃபிட்சி அருங்காட்சியகத்தில் இருக்கும் பிந்தைய ஓவியத்தில் பொன்மஞ்சள் உடை, பீறிடும் இரத்தம் வளைந்து தெறித்து மார்பு வரை வருகிறது. இரண்டிலும் பணிப்பெண் இளையவள். தளபதியின் மேல் தன் முழு எடையையும் போட்டு அழுத்திப் பிடித்திருக்கிறாள். கரவாஜியோ 1599 வாக்கில் இதே காட்சியை வரைந்தபோது பணிப்பெண்ணை ஒரு கிழவியாக்கி, தலையை வாங்கிக்கொள்ளத் துணியோடு ஓரமாக நிறுத்தியிருந்தார். அவருடைய யூதித் முகம் சுளித்து, உடலைப் பின்னுக்குச் சாய்த்து, எட்டி நின்றே கத்தியை இழுக்கிறாள். அந்தத் தூரத்திலிருந்து ஒரு பூசணிக்காயைக்கூட நறுக்க முடியாது என்று மாணவர் ஒருவர் சொன்னதும் எல்லோரும் சிரித்தோம். ஆர்ட்டெமிசியாவின் பெண்கள் இருவரும் கனமான ஓர் உடலை அடக்குவதற்கு எங்கே பிடிக்க வேண்டும், எங்கே ஊன்ற வேண்டும் என்று தெரிந்தவர்களாக இருக்கிறார்கள்.

அக்கா பார்த்தது துணியின் எடை. அவர் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் நாங்கள் உண்மையிலேயே ஓவியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் உட்கார்ந்ததும், பின்வரிசையிலிருந்து ஒருவர் கனிந்த குரலில் அந்த வாக்கியத்தைச் சொன்னார். எல்லோரும் தலையசைத்தோம்.

## வெள்ளை உடைப் பெண்ணும் பெயர் மாற்றமும்

அடுத்து வந்த கூட்டங்களில் ஒன்றில் மரி-தெனிஸ் வில்யேர் என்ற பிரெஞ்சு ஓவியரைப் பற்றிப் பேசினோம். பேசினோம் என்பதைவிட, ஒரே ஓர் ஓவியத்தைப் பற்றிப் பேசினோம் என்பதே சரி. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும், 1801-ஐச் சேர்ந்த உருவப்படம் அது. இளம்பெண் ஒருத்தி வெள்ளை உடையில், மடிமேல் வரைபலகையோடு, சன்னலுக்கு முன்னால் அமர்ந்திருக்கிறாள். வெளிச்சம் அவளுக்குப் பின்னாலிருந்து வருவதால் முகம் நிழலில் இருக்கிறது. சுருள்முடியின் விளிம்புகள் மட்டும் ஒளிர்கின்றன. சன்னல் கண்ணாடியில் ஒரு விரிசல். அதன் வழியே தொலைவில் ஓர் ஆணும் பெண்ணும் நிற்பது சிறிதாகத் தெரிகிறது. அவளோ தான் வரைவதை ஒரு கணம் நிறுத்திவிட்டு நேராக நம்மைப் பார்க்கிறாள். நம்மை வரைந்துகொண்டிருக்கிறாளோ என்றுகூடத் தோன்றும்.

1917-ல் இந்த ஓவியம் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தபோது ழாக்-லூயி தவீத் வரைந்தது என்ற பெயரோடு வந்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தின் மிகப் பெரிய ஓவியர் அவர். எனவே படமும் பெரும்புகழ் பெற்றது. 1951-ல் சார்ல்ஸ் ஸ்டெர்லிங் என்ற கலை வரலாற்றறிஞர் இது தவீத்தின் கைவேலையாக இருக்க முடியாது என்று காட்டினார். 1801-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் இந்தப் படம் இருந்தது; தவீத்தோ அந்த ஆண்டுக் கண்காட்சியில் கலந்துகொள்ளவே இல்லை. அசைக்க முடியாத வாதம். அதற்குப் பதிலாகக் கான்ஸ்டான்ஸ் ஷார்பாந்தியே என்ற பெண் ஓவியரின் பெயரை அவர் முன்வைத்தார். வில்யேரின் பெயர் நிலைபெற்றது 1990-களில்தான். இதுவரை எல்லாம் முறையான ஆராய்ச்சி. ஆனால் தவீத்தின் பெயரை எடுத்த அதே கட்டுரையில், இந்தப் படத்தின் கவித்துவம் ஓவியத்துக்குரியதைவிட இலக்கியத்துக்குரியதாக இருக்கிறது, வெளிப்படையான கவர்ச்சிகளும் சாமர்த்தியமாக மறைக்கப்பட்ட பலவீனங்களும் இதில் இருக்கின்றன, இவையெல்லாம் பெண்ணுள்ளத்தைக் காட்டிக்கொடுக்கின்றன என்ற பொருளில் அவர் எழுதினார்.

இதைப் படித்துக் காட்டியபோது அறை முழுவதும் சிரிப்பு. தவீத்தின் பெயர் இருந்தவரை யார் கண்ணுக்கும் படாத பலவீனங்கள், பெயரை எடுத்த மறுநிமிடம் முளைத்துவிட்டன. கித்தான் அதே கித்தான். வண்ணத்தில் ஒரு துளிகூட மாறவில்லை. கணக்கெழுதும் நண்பர் ஒருவர், "சொத்தின் மதிப்பு பத்திரத்தில் உள்ள பெயரைப் பொறுத்துத்தானே" என்று சொல்ல, சிரிப்பு இன்னும் கூடியது.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "படத்தைப் பார்த்தவுடன் வரைந்தது பெண் என்று தெரிந்துவிடும் என்கிறார் அவர். போன மாதம் நாமும் அதையேதான் சொன்னோம். அவர் குறையாகச் சொன்னார், நாம் பாராட்டாகச் சொன்னோம். குறிதான் கூட்டலும் கழித்தலுமாக மாறியிருக்கிறது; எண் ஒன்றுதான்" என்றார். யாரோ, "அது வேறு, டீச்சர்" என்று தொடங்கினார்கள். "எப்படி வேறு என்று சொல்லு கண்ணா, கேட்டுக்கொள்கிறேன்" என்றார் அவர், எந்தக் கேலியும் இல்லாமல். தொடங்கியவர் தொடரவில்லை. உண்மையில் அதற்கு அந்த இடத்தில் எவரிடமும் பதில் இல்லை.

அந்தக் கேள்வியைத்தான் நான் இத்தனை காலமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். ஒரு கோட்டிலோ வண்ணத்திலோ பெண்ணின் கை என்று தனியாக ஒன்று தெரியும் என்றால், அந்த அறிஞர் எழுதியதில் வெறும் தொனி மட்டுமே தவறு என்றாகிவிடும். அப்படி ஒன்று இல்லை என்றால், ஆர்ட்டெமிசியாவைப் பார்த்து நாங்கள் நெகிழ்ந்து சொன்னதற்கு என்ன பொருள்? வெறும் உபசாரமா? இரண்டையும் ஒருசேரக் கையில் வைத்துக்கொள்ள முடியாது என்பது டீச்சரின் கணக்கு. எனக்கும் அந்தக் கணக்கில் பிழை தெரியவில்லை. ஆனால் அந்த யூதித்தின் முன்னால் நிற்கும்போது, தூரிகை பிடித்தவருக்கு ஏதோ ஒன்று மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தெரிந்திருந்தது என்ற உணர்வையும் என்னால் தள்ளிவிட முடியவில்லை.

## 1610

இதற்கு விடை தேடிப் படித்துக்கொண்டிருந்தபோது என்னைத் தடுத்து நிறுத்தியது ஓர் ஆண்டுக்குறிப்பு. ஆர்ட்டெமிசியாவின் 'சுசன்னாவும் முதியவர்களும்' என்ற ஓவியம் ஜெர்மனியின் பொம்மர்ஸ்ஃபெல்டனில் இருக்கிறது. குளிக்கும் பெண்ணை இரண்டு முதியவர்கள் மறைந்திருந்து பார்த்து, தங்களுக்கு இணங்காவிட்டால் பழி சுமத்திவிடுவதாக மிரட்டும் பழங்கதை அது. ஆடையற்ற பெண்ணுடலை வரைய ஒரு சாக்காகவே பல ஓவியர்கள் இந்தக் கதையைக் கைக்கொண்டார்கள். தின்தொரெத்தோவின் சுசன்னா பசுமையான தோட்டத்தில் தன் அழகைக் கண்ணாடியில் ரசித்துக்கொண்டு நிதானமாக அமர்ந்திருக்கிறாள். ஆர்ட்டெமிசியாவின் சுசன்னாவுக்குத் தோட்டமே இல்லை. குளிர்ந்த கல் இருக்கை, அதற்குப் பின்னால் கல் சுவர், சுவரின் மேல் குனிந்து ஒருவரோடொருவர் கிசுகிசுக்கும் இரண்டு ஆண்கள். ஒருவர் வாயில் விரல் வைத்துச் சத்தம் போடாதே என்கிறார். அவள் உடல் முறுக்கிக்கொண்டு ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. கைகள் இரண்டும் அவர்களைத் தள்ளுவதுபோல எழுகின்றன. வயிற்றின் மடிப்புகூட, அப்படித் திரும்பி உட்கார்ந்தால் எங்கே விழுமோ அங்கே விழுகிறது.

எங்கள் கூட்டத்தில் இந்தப் படத்தை வழக்குக்குப் பிறகு காட்டினார்கள். எல்லோரும் அதை வழக்கின் வலியாகவே பார்த்தோம். ஆனால் கல்லின் மேல் கையொப்பத்தோடு ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கிறது: 1610. தாஸ்ஸியின் குற்றத்துக்கு முந்தைய ஆண்டு. வரைந்தவருக்கு ஏறத்தாழப் பதினேழு வயது. அதற்கு முன்பே அந்த வீட்டைச் சுற்றி ஆண்களின் தொல்லை இருந்திருக்கலாம் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. இளம்பெண் ஒருத்திக்கு அந்த அச்சத்தைக் கற்றுக்கொள்ள ஒரு பெருங்குற்றம் நிகழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதும் உண்மையே. தந்தையின் கை இந்தப் படத்தில் எவ்வளவு இருக்கிறது என்றும் அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். எப்படியானாலும், துயரம் வந்தது, அதனால் ஓவியம் வந்தது என்ற நேர்கோடு இங்கே அறுந்துவிடுகிறது. அந்தப் படத்தை வரையும் திறமை துயரத்துக்கு முன்பே அந்தக் கைகளில் இருந்தது.

அச்சத்தை வரைவதற்குப் பெண்ணாகப் பிறந்திருக்க வேண்டும் என்ற பேச்சும் நிற்காது. ரெம்பிராண்ட் 1636-ல் ஒரு சுசன்னாவை வரைந்தார். அவளும் திடுக்கிட்டுக் கூனிக் குறுகித்தான் இருக்கிறாள், அதுவும் பார்வையாளரான நம்மையே பார்த்து. ஆர்ட்டெமிசியாவோ தம் முதிய வயதில், 1649-லும் 1652-லும், மீண்டும் இதே கதையை வரைந்தார். 1610-ன் அந்த முறுக்கம் அவற்றில் இல்லை. கை அதே பெண்ணின் கைதான். வாங்குபவர்களும் காலமும் ரசனையும் வேறு.

அவரே எழுதிய கடிதங்கள் சில கிடைத்திருக்கின்றன. சிசிலியைச் சேர்ந்த தோன் அந்தோனியோ ருஃபோ என்ற பிரபுவுக்கு நேப்பிள்ஸிலிருந்து எழுதியவை. அவற்றைப் படிக்கும்போது என் மனத்தில் இருந்த துயர நாயகி மறைந்து, கறாரான ஒரு தொழில்காரி எழுந்து வந்தார். ஓர் உருவத்துக்கு நூறு ஸ்கூதி என்று விலை சொல்கிறார். ஆடையற்ற உருவங்களுக்காகப் பெண் மாதிரிகளை அமர்த்துவதால் செலவு கட்டுபடியாகவில்லை, நல்ல மாதிரி கிடைத்தால் அவள் கேட்கிற கூலி தலையைச் சுற்றவைக்கிறது என்று புலம்புகிறார். படம் தொடங்கும் முன் மாதிரி வரைபடம் அனுப்ப மறுக்கிறார். ஒருமுறை அப்படிக் கொடுத்ததை வாங்கியவர் வேறோர் ஓவியரிடம் கொடுத்து மலிவாக வரைவித்துக்கொண்டாராம். தம் படங்களில் ஒரு கைகூட மற்றொரு படத்தின் கையைப் போல இருக்காது என்று பெருமையாகச் சொல்கிறார். பெண் பெயரைக் கேட்டாலே வேலையைக் கண்ணால் பார்க்கும்வரை சந்தேகப்படுகிறார்கள் என்றும் எழுதுகிறார். இந்தப் பெண்ணிடம் போய், "அம்மா, ஒரு பெண்ணால்தான் இப்படி வரைய முடியும்" என்று சொன்னால், அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. மாதிரிகளுக்குக் கொடுத்த கூலிக் கணக்கை எடுத்து நீட்டியிருப்பார்.

அந்தக் கூலிக் கணக்கில்தான் எனக்கு விடையின் ஒரு நுனி கிடைத்தது. அந்தப் பெண்ணுடல் அவ்வளவு சரியாக வந்ததற்கு, அவர் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள் என்பது ஒரு காரணம். அப்படி உட்காரவைத்துப் பார்த்து வரையும் வாய்ப்பு அவருக்கு இருந்தது என்பது அதைவிடப் பெரிய காரணம். ஓவியரின் கண் எதைப் பார்க்க அனுமதிக்கப்பட்டது என்பதைத் தேடினால், பெண்ணுள்ளம் என்று மழுப்பலாகச் சொல்லப்படும் பல விஷயங்களுக்கு நேரான காரணம் கிடைத்துவிடுகிறது. லண்டனில் 1768-ல் கலைஞர்களின் அமைப்பான ராயல் அகாடமி தொடங்கப்பட்டபோது நிறுவன உறுப்பினர்களில் ஆஞ்செலிகா காஃப்மன், மேரி மோசர் என்ற இரண்டு பெண்கள் இருந்தார்கள். சில ஆண்டுகளில் யோஹான் சோஃபனி அந்த உறுப்பினர்களில் பெரும்பாலோரை ஒரே படத்தில் வரைந்தார். ஆண்கள் ஆடையற்ற மாதிரியைச் சுற்றி நின்றும் அமர்ந்தும் உரையாடுகிறார்கள். அந்த இரு பெண்களையும் தேடினால் சுவரில் இருக்கிறார்கள்: மாட்டப்பட்ட இரண்டு உருவப்படங்களாக. ஆடையற்ற ஆண் இருக்கும் அறையில் பெண்களை நிற்கவைப்பது முறையல்ல என்பது அக்கால எண்ணம். மோசர் மலர்களை வரைந்து புகழ்பெற்றவர். மலர் வரைவது பெண்மையின் இயல்பு என்று பிறகு எழுதினார்கள். மலர் வரைய அறைக்கு வெளியே அனுப்பப்பட வேண்டியதில்லை என்பதை எழுதவில்லை.

அவர்களுக்குப் பிறகு முழு உறுப்பினராக ஒரு பெண் தேர்ந்தெடுக்கப்பட்டது 1936-ல்தான். அவர் லாரா நைட். மாணவியாக இருந்தபோது உயிருள்ள மாதிரியை வரையும் வகுப்பில் அனுமதி இல்லாமல் சுண்ணாம்புச் சிலைகளைப் பார்த்து வரையச் சொல்லப்பட்டவர். 1913-ல் அவர் வரைந்த தன்னுருவப்படத்தில் ஆடையற்ற பெண் மாதிரி முதுகைக் காட்டி நிற்கிறாள், பக்கத்தில் தொப்பியும் சிவப்புச் சட்டையுமாக நைட் நிற்கிறார், இருவருக்கும் அப்பால் அவர் வரைந்துகொண்டிருக்கும் அதே உடல் கித்தானில் தெரிகிறது. சோஃபனியின் சுவருக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரிந்து இல்லை.

## முதலில் பார்ப்பது என்ற ஏற்பாடு

டீச்சரின் கேள்விக்குப் பிறகு குழுவில் ஒரு புதிய ஏற்பாடு வந்தது. ஓவியரின் பெயரையும் கதையையும் சொல்லாமல் முதலில் படத்தை மட்டும் காட்டுவது. பார்த்தவர்கள் பார்த்ததைச் சொன்ன பிறகே மற்றது. இதை முன்மொழிந்தவர் தையல் அக்கா. கூட்டங்கள் நிச்சயமாக மேம்பட்டன. கிளாரா பீட்டர்ஸின் உணவுமேசை ஓவியத்தில், பளபளக்கும் கோப்பையின் புடைப்புகளில் தூரிகை பிடித்த ஒரு சிறு பெண்ணுருவம் பிரதிபலிப்பதை ஒரு மாணவி கண்டுபிடித்தபோது எழுந்த கூச்சல், கதையை முன்கூட்டியே சொல்லியிருந்தால் எழுந்திருக்காது. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் மகள் ஓயி வரைந்த, பரத்தையர் வீதியான யோஷிவாராவின் இரவுக் காட்சியில் எல்லோரும் விளக்கொளியையும் அது தரையில் விழும் நீண்ட நிழல்களையும் பற்றியே பேசினோம். அந்தக் காகித விளக்குகளில் அவர் தம் பெயரின் எழுத்துகளை ஒளித்து வைத்திருப்பது பிறகுதான் தெரியவந்தது.

ஆயினும் இந்த ஏற்பாட்டோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. கதை வேண்டாம், கண் போதும் என்று ஒதுங்கிவிட்டால் யூதித் லெய்ஸ்டரை நாம் என்றுமே கண்டுபிடித்திருக்க மாட்டோம். 1609-ல் ஹார்லெமில் பிறந்தவர். 1633-ல் அந்நகர ஓவியர் சங்கத்தில் உறுப்பினரானார். 1635-ல் அவருடைய மாணவன் ஒருவன் சேர்ந்த சில நாட்களிலேயே புகழ்பெற்ற ஓவியர் ஃப்ரான்ஸ் ஹால்ஸின் பட்டறைக்குப் போய்விட, சங்கத்தில் முறையிட்டார். நஷ்டஈடாக எட்டு கில்டர் கேட்டார், மாணவனின் தாய் நான்கு கொடுத்தார், ஹால்ஸுக்கு அபராதம், மாணவனை முறைப்படி பதிவு செய்யாததற்காக லெய்ஸ்டருக்கும் அபராதம். தம் காலத்தில் இவ்வளவு எழுந்து நின்றவர், இறந்த பிறகு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக மறைந்துபோனார். கணவரின் சொத்துப் பட்டியலில் மோலெனாரின் மனைவி வரைந்தது என்ற அளவிலேயே அவருடைய படங்கள் குறிக்கப்பட்டன; வெளியே இருந்தவை ஹால்ஸின் பெயரில் விலைபோயின. அந்த இரு நூற்றாண்டுகளிலும் தேர்ந்த கண்கள் அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன, ஹால்ஸ் என்று நம்பி. 1893-ல் ஹால்ஸின் படம் என்று விற்கப்பட்ட ஓர் ஓவியத்தைப் பற்றி வணிகர்களுக்கிடையே வழக்கு எழுந்து, பெயரின் முதலெழுத்துகளோடு ஒரு நட்சத்திரம் சேர்ந்த அவருடைய முத்திரையை ஹாஃப்ஸ்டெட டி க்ரூட் என்ற அறிஞர் அடையாளம் கண்ட பிறகே லெய்ஸ்டர் திரும்பி வந்தார். வழக்கின் முடிவில் படத்தின் விலை குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இன்று அது லூவ்ரில் இருக்கிறது.

ஆவணம் என்றாலும் அதில் ஒரு வில்லங்கம் உண்டு. முகலாய இளவரசர் சலீம், பின்னாளில் ஜஹாங்கீர் ஆனவர், அவருடைய ஓவியக்கூடத்தைச் சேர்ந்த நாதிரா பானு ஐரோப்பியச் செதுக்குப் படங்களைப் பார்த்து நுட்பமாக வரைந்தவர். அவர் இட்ட கையொப்பம் தந்தை மீர் தக்கீயின் பெயரையும், ஆசிரியர் ஆகா ரிசாவின் பெயரையும் சேர்த்துக்கொண்டே வருகிறது. தந்தையோ கணவரோ ஆசிரியரோ வாசலில் நின்று அறிமுகம் செய்யாத பெண் ஓவியர் வரலாற்றில் அபூர்வம். அந்த அறிமுகத்தை அழித்துவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்போம் என்றால், வாசல் எவ்வளவு குறுகலாக இருந்தது என்பதும் சேர்ந்து அழிந்துவிடும்.

டீச்சரிடம் இதைச் சொன்னேன். "சரிதான் தம்பி, ஆனால் வாசலைப் பற்றிப் பேசிவிட்டு உள்ளே போக மறந்துவிடுகிறோமே" என்றார். இப்போது எங்கள் குழுவில் அந்த வாக்கியம் அடியோடு ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. யாராவது சொல்லத் தொடங்குவார்கள், பாதியில் டீச்சரைப் பார்ப்பார்கள், பிறகு எதைக் கண்டு அப்படித் தோன்றியது என்று விளக்க முயல்வார்கள். அந்த விளக்கம் பெரும்பாலும் மிக நன்றாக இருக்கிறது.

தற்சமயம் நடக்கும் சச்சரவு ரேச்சல் ருய்ஷைப் பற்றியது. 1664-ல் பிறந்து 1750 வரை வாழ்ந்த டச்சு மலர் ஓவியர். டியூசல்டார்ஃபில் அரசவை ஓவியராக இருந்தவர். தம் எண்பத்து மூன்றாம் வயதில் வரைந்த படத்தில் வயதையும் சேர்த்தே எழுதியவர். பத்துப் பிள்ளைகளைப் பெற்றவர். அடுத்த கூட்டத்தில் அவரைப் பற்றிப் பேசப்போகும் மாணவி, பத்துப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன் என்கிறாள். டச்சு ஓவியர் வெர்மீரின் வீட்டில் பதினொரு பிள்ளைகள் இருந்தார்கள், அவர் எப்படி நேரம் ஒதுக்கினார் என்று எவராவது கேட்டதுண்டா என்பது அவள் வாதம். மூன்று பிள்ளைகளை வளர்த்த தையல் அக்கா இதை ஏற்கவில்லை. "நீ சொல்லாவிட்டால் நான் கேட்பேன். வெர்மீரைப் பற்றியும் கேட்பேன். பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பது இரண்டு வீட்டுக்கும் பொதுவான கேள்விதானே" என்கிறார். மாணவி இப்போது வெர்மீரின் மாமியாரைப் பற்றித் தீவிரமாகப் படித்துக்கொண்டிருக்கிறாள்.